மூலையில் இரண்டு எழுத்து

தஞ்சாவூரில் பெரிய கோயில் பக்கம் கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவர் ஒரு கம்பளி விரிப்பைக் கொண்டுவந்து எங்கள் கோரைப்பாய்த் தறிக்கு முன்னால் விரித்தார். மெக்சிகோவில் சாப்போடெக் என்று ஒரு சனம், செம்மறி ஆட்டு ரோமத்தை நூற்று, சாயம் போட்டு, கைத்தறியில் நெய்ததாம். சிவப்பும் கறுப்புமாகப் படிப்படியாக இறங்கும் கட்டங்கள். திருப்பிப் பார்த்தேன். அடியும் மேலும் ஒன்றுபோல் இருந்தன; ஒரு பிசிறு கிடையாது. நெய்தவள் கெட்டிக்காரி. ஆணாகக்கூட இருக்கலாம், எனக்கு அவள்தான்.

"இதே டிசைன கோரையில போட்டுக் குடுங்க பாய். வெளிநாட்டுக்காரங்க கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நுழைத்த கோரையை அச்சுக்கட்டையால் இழுத்து அடித்து இறுக்குவதுதான் இவர் வேலை. எந்த நிறக் கோரை எங்கே என்று எண்ணி நுழைப்பது நான். ஆனாலும் பேச்செல்லாம் 'பாய், பாய்' என்று இவரோடுதான். நான் கூடமாட உதவி செய்கிறவள்.

விரிப்பை எதிரே தொங்கவிட்டு, பார்த்துப் பார்த்து நெய்தேன். மூலையில் கறுப்பில் சின்னதாக ஒரு நெளிவு இருந்தது. அதையும் விடவில்லை.

கல்லூரியிலிருந்து வந்த மகள் தறியின் எதிர்முனையில் நின்று பாயைப் பார்த்தாள்.

"என்னம்மா இது, எம், வி-ன்னு போட்டிருக்க? யாரு பேரு?"

விரிப்பை நான் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேன். எனக்கு உடம்பு கூசிப்போனது. எத்தனையோ கல்யாணப் பாய்களில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் நெய்த கை இது. எழுத்தைப் பார்த்தும் எழுத்தென்று தெரியவில்லை. நெய்கிறவள் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "அதனால என்னக்கா? அந்த ரெண்டு எழுத்த மட்டும் விட்டுட்டு இன்னும் பத்துப் பாய் போடுங்க. மெக்சிகோலேர்ந்து யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நான் கேக்குறேன்ல" என்றேன்.

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. எங்களிடம் தவறாமல் பாய் எடுப்பது இந்த ஒரு கடைதான். எனக்கும் பயம்தான். இருந்தும் விரிப்பை மடித்துக் கடைக்காரர் கையில் கொடுத்தேன். நெய்த பாயைக் கொடுக்கவில்லை.

அடுத்த பாயில் நாற்றங்கால் பச்சையும் கதிர் மஞ்சளுமாக என் மனதுக்குப் பட்ட கட்டங்களைப் போட்டேன். மூலையில் என் பெயர், முழுதாக, தமிழில்.

கடைக்காரர் வந்து தடவிப் பார்த்தார். பிடித்துவிட்டது என்று கண்ணே சொன்னது. "நல்லாருக்கு. இந்தப் பேர மட்டும் எடுத்துடுங்கக்கா."

"எடுத்தா பாயே பிரிஞ்சுடும்ங்க. பேரோட வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

வெறுங்கையோடுதான் போனார். மறுநாள் அடுத்த பாய்க்குத் தறியில் பாவு நூல் கட்டினோம்.

"இதுலயும் பேரா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இதுலயுந்தான். கொஞ்சம் பெருசா."

அவர் அச்சைப் பிடித்தார். நான் கறுப்புக் கோரையை எடுத்தேன்.