கேம் மெஷினில் வெட்டப்பட்ட எர்த் வயர்

பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இன்று காலை அடையாறில் ஒரு கஃபேயிலிருந்து கூப்பிட்டார்கள். மெஷின் அடிக்கடி அணைந்துபோகிறதாம்.

பின்கதவைத் திறந்தேன். பவர் சப்ளை பழுதாகி மின்கசிவு. கசிவால் மெயின் சுவிட்ச் டிரிப் ஆகாமலிருக்க யாரோ எர்த் வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். காசு போடும் தகரத்தில் டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது.

“சார், இதைத் தொட்டா உயிரே போயிடும்.”

“லேசா சுர்ருங்கும், அவ்ளோதான். சாயங்காலம் பர்த்டே பார்ட்டி இருக்குப்பா” என்றார் உரிமையாளர்.

“பசங்க தொடுவாங்களே?”

“செருப்பு போட்டுக்கச் சொல்றேன்.”

பிளக்கை வயரோடு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே போகச் சொல்லிக் கத்தினார்.

எதிர்க்கடையிலேயே புது பிளக் கிடைக்கும்; சாயங்காலத்துக்குள் அவர் வாங்கி மாட்டிவிடலாம். இன்று அடையாறில் பிறந்தநாளுக்கு உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டிருந்தால், எந்த கஃபே என்று இன்பாக்ஸில் கேளுங்கள்.