திருமலைராயன்பட்டினத்தில் சாமி காவியவர்

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. குருநகரில் இருந்து மரியான் அண்ணையின் மூத்த மருமகன். "அங்கிள், மாமா மோசம் போயிட்டார். காலமை பூசைக்குப் போய் வந்தவர். மத்தியானம் விளைமீன் குழம்போடை வடிவாச் சோறு சாப்பிட்டிட்டு சாய்மனைக் கதிரையிலை சரிஞ்சவர். தேத்தண்ணிக்குக் கூப்பிட எழும்பேல்லை."

அந்தக் கணத்தில் வட மாகாணம் முழுவதும் ஒரு சாண் கீழே இறங்கியது. காங்கேசன்துறை வெளிச்சவீடு ஒரு பக்கம் சரிந்ததை நான் சுன்னாகத்தில் நின்றே கண்டேன். ஆனால் முதலில் என் மனதில் எழுந்தது துக்கம் அல்ல. விளைமீன் குழம்பு, வயிறு நிறையச் சோறு, ஆசுபத்திரி வாசலை மிதிக்காத சாவு. இதிலும் மனுசன் என்னை முந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். எழுதக் கூசுகிறது. ஆனாலும் இன்று உண்மையை எழுதுவது என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலரைக் குருநகரில் அவருடைய சொந்தக்காரரும் வாசிப்பார்கள், புத்தூரில் என்னுடைய ஊரவரும் வாசிப்பார்கள். இரண்டு பகுதியாருக்கும் என்னைத் தெரியும். "பல்லக்கு மாமா" என்று நீங்கள் எனக்கு வைத்த பட்டம் அடுத்த மாசியோடு இரண்டு வயதை எட்டும். அந்தப் பட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவரும் நானும் பழகியது யுத்த இடப்பெயர்வில். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. கடல் பார்த்த குடும்பம் ஒன்றும் தோட்டம் பார்த்த குடும்பம் ஒன்றும் நடுவில் ஒரு பழஞ்சேலையைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் இருந்தோம். நான் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். வாயால் பிழைத்தவன். அவர் ஒரு நாளைக்குப் பதினொரு சொல்லுக்கு மேல் செலவழிக்காதவர். சேலைக்கு இந்தப் பக்கம் நான் உலக அரசியலை இரண்டு மணித்தியாலம் விளக்கி முடித்ததும், அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வரும்: "நீர் கதையும் தம்பி, நான் சாப்பிடுறன்." என் பிள்ளைகள் அதற்குச் சிரித்தார்கள். என் பகிடிகளுக்கு அவர்கள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. என் பொறாமை அந்தச் சேலை ஓரத்தில் முளைத்தது என்று நினைக்கிறேன்.

பொறாமைப்பட அவரிடம் நிறைய இருந்தது. எழுபத்திமூன்று வயதிலும் முப்பத்திரண்டு பல். பின்னால் நின்று பார்த்தால் பனங்குற்றி ஒன்றைக் குறுக்கே வைத்தது போன்ற தோள். ஆறடி உயரம். உயரத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தடி ஒரு அங்குலம், அதுவும் செருப்போடு.

எங்கள் ஊர்க் கோயிலில் சாமி வெளிவீதி வரும்போது வாகனத்தின் கீழே இரண்டு நீண்ட கொம்பு கட்டி, ஆண்கள் தோள் கொடுத்துக் காவுவார்கள். எல்லாத் தோளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமி சரியும். பதினாறு வயதில் போய்க் கேட்டேன். "நீ இன்னும் கொஞ்சம் வளரவேணும்," என்றார்கள். நாற்பது வயதில் கேட்டேன். அதே பதில். தீவட்டி பிடித்தேன், குடை பிடித்தேன், சாமிக்கு முன்னால் தண்ணீர் தெளித்தேன். சாமிக்குக் கீழே மட்டும் ஒரு நாளும் போகவில்லை. மரியான் அண்ணையின் ஆட்களை அந்தக் கோயில் ஒரு காலத்தில் வாசல் வரைக்கும்கூட விடவில்லை என்பதை நான் அப்போது யோசித்ததே இல்லை. என் உயரம்தான் உலகத்தின் பெரிய அநியாயம் என்று நம்பியிருந்தேன்.

போன வருசம் மாசியில் அவர் வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்துக் கப்பல் ஏற ஆயத்தமானார். நானும் வாறன் என்று ஒட்டிக்கொண்டேன். என் மனதில் இருந்தது வேறு. வேளாங்கண்ணிக்கு வடக்கே, நாகப்பட்டினம் தாண்டி, நாகூர் தாண்டி, காரைக்காலுக்குப் பக்கத்தில் திருமலைராயன்பட்டினம் என்ற பழைய கடற்கரை ஊர் இருக்கிறது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சவுரிராசப் பெருமாள் அங்கே கடலாட வருவார். அவர் மீனவர் தலைவன் ஒருவனுடைய மகளைக் கட்டியவர் என்பது அந்த ஊர் ஐதீகம். ஆகையால் கரையில் மீனவர்கள் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுப் பட்டுச் சாத்தி, பல்லக்கைத் தங்கள் தோளில் வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். இதைக் கேள்விப்பட்ட நாள் முதல், அந்த ஊரில் எனக்கு ஒரு இடம் கிடைக்கும் என்று என்னுடைய தோள் சொல்லிக்கொண்டே இருந்தது. ஊரில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். நான் சைவன், அவர் பெருமாள். அதனால் என்ன, உறவுக்குள்தானே.

காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் நாலு மணித்தியாலம் பாக்குநீரிணை என்னைப் பழிவாங்கியது. வயிற்றில் இருந்தது, இருந்திராதது, என் முன்னோர்கள் சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்தன. அவர் பக்கத்தில் இருந்து என்னுடைய பணிசையும் சேர்த்துச் சாப்பிட்டார். "கரையைப் பாக்காதையும். தூரத்தைப் பாரும்," என்றார். பார்த்தேன். தூரம்கூட வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

வேளாங்கண்ணியில் அவர் மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நின்றார். ஒரு காரியம் இருக்குத் தாயே என்று நானும் கும்பிட்டேன். மாதா எங்கள் இருவரின் விண்ணப்பத்தையும் மாற்றி எடுத்துவிட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

மாசி மகத்தன்று காலமை பட்டினத்துக் கடற்கரையில் இருந்த சனத்தை எண்ணினால் எண் முடிந்துபோகும். மேளம், வெடி, ஈர மணல், மீன்வலை காயும் மணத்துக்கு நடுவே துளசி மணம். சனத்தைக் கீறிக்கொண்டு, சால்வையை இடுப்பில் கட்டி, வெறும் மேலோடு பல்லக்குக்குக் கிட்டப் போனேன். தலைப்பாகை கட்டிய ஒரு முதியவர் தோள்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டு நின்றார்.

"ஐயா எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம். இதுக்கெண்டே கடல் கடந்து வந்தனான்."

"அடடே. என்ன தொழிலு?"

"சங்கக்கடை முகாமையாளர். ஓய்வு."

முதியவர் நல்ல மனுசன். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. மாப்பிள்ளையை மாமனார் வீட்டாளுங்கதான் தூக்கணும். கடல்ல போறவங்க. நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, அதுவே புண்ணியம்." சொல்லிக்கொண்டே என் தலைக்கு மேலால் பார்த்தார். எனக்குப் பின்னால் இருபது அடி தள்ளி, இரண்டு பேருடைய செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு மரியான் அண்ணை நின்றார்.

"அந்தப் பெரியவரு யாரு?"

"என்னோடை வந்தவர். ஏன்?"

"எல்லாரும் சாமியைப் பாக்குறாங்க. அவரு காத்தைப் பாக்குறாரு." பிறகு அவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே, நீங்க கடல் ஆளுதானே?"

"ஓம்."

"வாங்க. தோள் குடுங்க."

"நான் வேதக்காரன்," என்று கழுத்துச் செபமாலையைத் தூக்கிக் காட்டினார் மரியான் அண்ணை.

"இருந்துட்டுப் போங்க. மாமனார் வீட்டுல எல்லாருந்தான் இருப்பாங்க. வாங்கண்ணே, சாமி காத்துக்கிட்டு இருக்கு."

மரியான் அண்ணை என்னைப் பார்த்தார். போகட்டோ என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று நான் ஒரு கண்ணசைவு காட்டியிருந்தால் அந்த மனுசன் நின்றிருப்பார். நான் கண்ணைத் தாழ்த்தினேன். அவர் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். "இதைக் கொஞ்சம் பிடியும்," என்று செருப்புகளைத் தந்தார். அவருடைய செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு பேர் ஏறித் துடுப்புப் போடலாம் என்ற அளவு. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பல்லக்கு எழும்பியது. பல்லாயிரம் சனம் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டது. பல்லக்கைத் தாங்கிய வலது தோளை மட்டும் பின்னால் நின்று பார்த்தேன். பொறாமை நெஞ்சில் வரும் என்பார்கள். எனக்கு அன்று தோளில் வந்தது. ஒன்றும் சுமக்காமலே வலித்தது.

கடலாடி முடிந்து ஈர மணலில் அவர் திரும்பி வந்தார். "எப்பிடி அண்ணை இருந்தது?" என்று கேட்டேன்.

"பாரம்."

"வேறை?"

"சோடியாள் கட்டை. உம்மளவுதான் இருப்பான். தோளிலை துவாய் ஒண்டை நாலா மடிச்சு வைச்சிருந்தவன். மட்டம் சரியா வந்திட்டுது."

துவாய். நாலாக மடித்த ஒரு துவாய். ஐம்பது வருசமாக எங்கள் கோயிலில் ஒருவருக்கும் தோன்றாத விஞ்ஞானம். தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா என்பதை ஊரவர் சொல்லட்டும்.

ஊருக்கு வந்து இரண்டாம் நாள், வாசிகசாலையில் ஆறேழு பேர் இருக்கும்போது ஒருவர் கேட்டார்: "என்ன மாமா, சாமி காவினீரோ?" பகிடியாகத்தான் கேட்டார். என் வாய் எனக்கு முன்னால் பதில் சொன்னது: "காவினன்." அவ்வளவுதான். அதன் பிறகு பொய்யை நான் வளர்க்கவில்லை, அதுதான் என்னை வளர்த்தது. முதல் கிழமை பல்லக்கு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பாரம். மாத முடிவில் இரண்டு லொறி. கடல் விலகி வழிவிட்டது என்றுகூட ஒரு நாள் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. ஆனித் திருவிழாவில் கோயில் சபையார் எனக்குப் பொன்னாடை போர்க்க முடிவு செய்தார்கள். கண்கண்ட சாட்சியாக மரியான் அண்ணையையும் கூப்பிட்டார்கள்.

அவர் வந்தார். வெள்ளை வேட்டி, செபமாலை. எங்கள் கோயில் முன்றிலில் அவருக்குக் கதிரை போட்டார்கள். சபைத் தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார். "உவர் காவினதைக் கண்ணாலை கண்டனீங்களோ?"

என்னுடைய உடம்பில் இருந்த வேர்வை முழுவதும் வெளியே வந்தது, கீரிமலைக் கேணியில் ஒரு சாண் நீர் ஏறியிருக்கும். மரியான் அண்ணை எழும்பி ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

"ஓம். பக்கத்திலைதான் நிண்டனான். நல்ல பாரம்."

எனக்குப் பொன்னாடை விழுந்தது. அவரை வழியனுப்பப் போன பஸ் நிலையத்தில் அவருக்கு முகம் கொடுக்க முடியாமல் நின்றேன். "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீர் வடிவாச் சொல்லுறீர். எனக்கு உப்பிடிச் சொல்லத் தெரியாது. ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்." அதோடு பஸ் வந்துவிட்டது. அந்த நாளுக்குரிய பதினொரு சொல்லையும் தாண்டி எனக்காகக் கடன் வாங்கிச் செலவழித்திருந்தார்.

அவருடைய செத்தவீட்டில் பிலோமினா அக்கா, அவருடைய மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எல்லோரும் எழும்பிய பிறகு மெதுவாகச் சொன்னார். "அவர் உங்களைப் பற்றித்தான் கதைப்பார், தம்பி. வாய் திறவாத மனுசன், அந்தக் கதையெண்டால் மட்டும் சொல்லுவார். சாமியைத் தோளிலை வாங்கி முதல் அடி வைக்கேக்கை உங்கடை கால் நடுங்கினதாம். செத்துப்போன தேப்பனைக் காவின ஞாபகம் வந்ததாம். பிறகு பாரமே தெரியேல்லையாம். கடலுக்கை இறங்கு மட்டும் நீங்கள் அழுதுகொண்டே போனனீங்களாம். எத்தினை தரம் சொல்லியிருப்பார். சொல்லேக்கை அவருக்கும் கண் கலங்கும்."

இந்த வாயை நம்பி ஒரு ஊரே திருவிழா நடத்தியது. அன்று அக்காவுக்கு ஒரு சொல் சொல்ல அதற்கு வலுவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார். நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் செத்து மூன்று தலைமுறைக்குப் பின்னும் பல்லக்கு மாமாதான்.

அக்கா, இப்போது எழுதுகிறேன், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சாமி காவினது நான் இல்லை. உங்கடை மனுசன். கால் நடுங்கினது அவருடையது. தேப்பன் அவருடைய தேப்பன். அழுததும் அவர்தான். எனக்கு "பாரம்" என்று ஒரு சொல்லோடு முடித்தவர், என் பெயரைப் போட்டு உங்களிடம் முழுவதையும் சொல்லியிருக்கிறார். புத்தூர்ச் சபையாரே, பொன்னாடையைப் புதன்கிழமை கொண்டுவருகிறேன். பட்டத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இனி ஒன்றுதான். வெயிலில் மினுங்கி, கடல் பக்கம் போய்க்கொண்டிருந்த அந்த வலது தோள். அதைப் பார்த்துப் பொருமிக்கொண்டு பின்னால் நின்றதில், முன்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அன்று எதிர்ப்பக்கம் நின்று அந்த முகத்தைக் கண்ட, பெயர் தெரியாத பட்டினத்துச் சனங்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்கு இப்போது பொறாமை.