நடு ஆற்றில் விரித்த கடை

எண்ணூர்ப் படகுத் துறையில் அன்று எங்களுக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துறையைக் குத்தகைக்கு எடுத்தவர் எங்கள் ராயபுரம் கடைக்கே வந்து, காரோடு ஆற்றைக் கடக்கலாம், உட்கார பெஞ்சு உண்டு, நிழலுக்குக் கீற்றுப் பந்தல் உண்டு, அரை மணியில் அக்கரை என்று அளந்துவிட்டுப் போயிருந்தார். போய்ப் பார்த்தால் இரண்டு பழைய படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்திருந்தது. பெஞ்சும் இல்லை, பந்தலும் இல்லை. பலகை இடுக்கில் கால் மாட்டாமல் நின்றாலே புண்ணியம்.

அந்தப் பயணத்துக்குக் காரணம் நான்தான். கூடையில் மீன் கொண்டுவந்து விற்கும் அக்கரைப் பெண்கள் திரும்பும்போது எங்கள் கடையில் புளி, மிளகாய், பருப்பு என்று வாங்கிச் சுமந்து போவார்கள். அவ்வளவு தூரம் அவர்கள் சுமப்பானேன், அக்கரையில் நாமே ஒரு கடை போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தெற்கே இருந்து வாழ்க்கைப்பட்டு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கென்று ஒரு கடை வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மாமனார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த மணல்ல யாரும்மா வாங்குவாக? மீன் பட்டா சிரிப்பு, படலைன்னா பட்டினி. அவுகளை நம்பிக் கடை போடவா?"

நானும் விடவில்லை. சோறு போடும்போது ஒரு தரம், வெற்றிலை கொடுக்கும்போது ஒரு தரம். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு வழி சொன்னார். "ஒரு நாள் சாமானைக் கொண்டுபோய் வித்துக் காட்டு. பொழுது சாயறதுக்குள்ள மூட்டை அத்தனையும் காலியாச்சுன்னா கடை போடு. இல்லைன்னா இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய பழைய காரின் பின்சீட்டைக் கழற்றி மூட்டைகளை ஏற்றினார். மாமனார் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூலி காருக்குத்தானே? உள்ள என்ன இருந்தா அவனுக்கென்ன?" என்று மேலும் இரண்டு சிப்பம் கருப்பட்டியைத் திணித்தார். இடத்தைச் சும்மா விட எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. போகிற போக்கில், அதையும் விற்றால்தான் பந்தயத்தில் சேர்த்தி என்றார். அவர் முன்சீட்டில் சாய்ந்துகொள்ள, நான் புளி மூட்டைமேல் உட்கார்ந்து எண்ணூர் வரை குலுங்கி வந்தேன்.

துறையில் இன்னொரு லாரி வரும், சேர்த்து ஏற்றலாம் என்று குத்தகைக்காரர் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார். கடல் உள்வாங்கி ஆற்றில் தண்ணீர் வற்றுகிறது, வற்றுகிறது என்று படகோட்டிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர ஆற்றைப் பார்க்கவில்லை. லாரியும் வரவில்லை. கழி ஊன்றிப் புறப்பட்டுப் பாதி தூரம் போயிருப்போம், அடியில் நறநறவென்று சத்தம் கேட்டது. படகு மண்மேட்டில் ஏறி அப்படியே நின்றுவிட்டது. படகோட்டிகள் இடுப்பளவு தண்ணீரில் குதித்துத் தள்ளினார்கள். அசையவில்லை. ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, உள்ள கல்லா வச்சிகினு கீற? இனிமே சாய்ந்தரம் தண்ணி ஏறுனாத்தான் ஆடும்."

மாமனார் குடையை விரித்தார். "சாயங்காலம் வரைதானே நம்ம பேச்சு" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதிதான் என்னை எரித்தது. அவர் திணித்த கருப்பட்டி பாதி, குத்தகைக்காரரின் பேராசை பாதி, தோற்பது மட்டும் நானா? குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. பலகை வெயிலில் கொதித்தது.

தண்ணீர் இன்னும் வற்றியதும் பெண்கள் வந்தார்கள். முட்டளவு, இடுப்பளவு ஆழத்தில் வரிசையாகக் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருந்ததால் யாரும் பேசவில்லை. ஆற்று நடுவில் கார் நிற்பதைப் பார்த்து ஒருத்தி மட்டும் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னாம்மா கீது வண்டில?"

"புளி, மிளகாய், பருப்பு, வெல்லம், சோப்பு. அக்கரைக்கு விக்கக் கொண்டு போறோம்."

"அக்கரைக்கு வந்தாத்தான் குடுப்பியா? இங்க குடுக்க மாட்டியா?"

எனக்குப் பொறி தட்டியது. கார் கதவைத் திறந்து தராசை எடுத்தேன். அவளிடம் காசு இல்லை, இறால் இருந்தது. ஒரு பறி இறாலுக்கு அரை வீசை புளி நிறுத்துக் கொடுத்தேன். "மீனுக்குப் புளியா? இதெல்லாம் ஒரு யாவாரமா?" என்று குடைக்குள்ளிருந்து குரல் வந்தது. நான் திரும்பியே பார்க்கவில்லை.

"கடைக்குப் போவணும்னா ஆத்தைத் தாண்டி அரை நாள் பூடுது. இரு, எங்க ஆளுங்களக் கூட்டியாரேன்" என்று அவள் அக்கரைக் குப்பத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சற்று நேரத்தில் சின்னப் படகுகள் வந்தன, கட்டுமரங்கள் வந்தன. முந்தானையில் காசு முடிந்துகொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடந்தும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் மூட்டைகளைப் பிரித்துக்கொடுக்க நான் நிறுத்துக் கை ஓய்ந்தேன். கோணல் பலகையில் தராசு ஒரு பக்கம் இழுத்தது. மாமனார் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? குடையை மடக்கிவிட்டு எழுந்து வந்தார்.

"தட்டை அப்படியா பிடிக்கது? கொண்டா இங்க."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. கருப்பட்டியை யாரும் சீந்தாததைப் பார்த்து, தானே துண்டு துண்டாக உடைத்து எல்லார் கையிலும் கொடுத்து, "தின்னு பாரு தாயி, காப்பியில போட்டா விடமாட்டே" என்றார். பந்தயம் அவருக்கு மறந்தே போய்விட்டது. இரண்டு சிப்பத்தையும் அவரே விற்றுத் தீர்த்தார். வெறும் சாக்கை உதறி மடித்தபோதுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். ஐயோ, எப்பேர்ப்பட்ட சந்தோஷம் அது! கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

பாரம் இறங்கியதால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கொஞ்சம் ஏறியதுமே படகு அசைந்து கொடுத்தது. "அக்கரைக்கா, இக்கரைக்கா?" என்று கேட்டார்கள். அக்கரையில் விற்க ஒரு தீப்பெட்டிகூட மிச்சம் இல்லை, எண்ணூருக்கே திரும்பினோம்.

முழுக் கூலி வாங்கிப் பாதி ஆறுகூடத் தாண்டவைக்காத குத்தகைக்காரர், திட்டு வாங்கத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். மாமனார் இறால் கூடையோடு இறங்கி நேரே அவரிடம் போனார்.

"ஏம்ப்பா, அடுத்த வாரம் தண்ணி எத்தனை மணிக்கு வத்தும்? அந்நேரம் பார்த்துப் படகை விடு. அக்கரையில கடை எழும்புற வரைக்கும் என் மருமக நடு ஆத்துலதான் யாவாரம் பண்ணுவா."