சகாயசெல்வி டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் முதல் தப்பு என்னுடையதுதான்.

எங்கள் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். சகாயசெல்வி டீச்சர் கணக்குப் பாடம். இருபத்திரண்டு வருஷமாக மரியநாதபுரத்து வீட்டிலிருந்து குடையோடு நடந்தே வருகிறவர். விடைத்தாள் திருத்தும்போது பெயர் எழுதிய மூலையை மடித்துக் குண்டூசி குத்திவிடுவார். யாருடைய தாள் என்று தனக்கே தெரியக்கூடாதாம். அரை மார்க்குக்காக அவரிடம் கெஞ்சி ஜெயித்த பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

இப்படிப்பட்டவருடைய வகுப்புக்கு, இந்த வருஷம் அவர் மகள் தமிழ்நிலாவே வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வேறு யாருக்காவது வகுப்பை மாற்றிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் இரண்டு தடவை போய் நின்று பார்த்தார். வேறு ஆள் இல்லை. "இவ தாள எம்புட்டு மடிச்சாலும் கையெழுத்து காட்டிக் குடுத்துருது கௌசல்யா" என்று என்னிடம் வருத்தப்படுவார்.

போன மாதத் தேர்வில் தமிழ்நிலா ஐம்பதுக்கு நாற்பத்தைந்து வாங்கினாள். வகுப்பிலேயே அதுதான் அதிகம். ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டு நேரம். நான் என் சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். "கேள்வித்தாளும் உங்க வீட்டுல, எழுதுற புள்ளயும் உங்க வீட்டுல. மார்க்கு வராம எங்க போகும் டீச்சர்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் பாதிச் சோறு இருக்கும்போதே டிபன் பாக்ஸை மூடிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா?

மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். "வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு அக்கவுண்ட் போட்டுத் தாரியா? என்னோடத நான் மட்டும்தான் தொறக்கணும்." கோபமாகக் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தயவாகக் கேட்டார்.

சனிக்கிழமை காலை போனேன். கூடத்தில் மாதா சுரூபத்துக்குக் கீழே கம்ப்யூட்டர். பாஸ்வேர்டு கிடையாது, சுவிட்சைப் போட்டால் யாருக்கும் திறக்கும். டீச்சரின் கணவர் பெலிக்ஸ் அண்ணன் கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டு அடித்து வைப்பதும் அதில்தான், தமிழ்நிலாவின் வீட்டுப்பாடமும் அதில்தான், டீச்சரின் கேள்வித்தாளும் அதில்தான். எல்லாம் ஒரே திரையில் சந்தைக்கடை மாதிரி இறைந்து கிடந்தன. அம்மா ஒரு கோப்புக்கு 'நைன்த் மேத்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். மகளும் தன் அசைன்மென்டுக்கு அதையே வைத்து, பக்கத்தில் 1 என்று எண் மட்டும் போட்டிருந்தாள்.

மூன்று அக்கவுண்ட் உருவாக்கினேன். டீச்சரின் கோப்புகளை அவர் பக்கம் மாற்றும்போது, கடைசியாகத் திறந்தவற்றின் பட்டியல் வந்தது. அதில் டீச்சருடைய அந்த 'நைன்த் மேத்ஸ்', மாதத் தேர்வுக் கேள்வித்தாள். திறந்த நேரம், தேர்வுக்கு முந்தின செவ்வாய், மாலை ஆறு பத்து.

சட்டென்று பட்டியலை மூடப் போனேன். அதற்குள் டீச்சரே பார்த்துவிட்டார்.

"திங்கக்கெழமையே பிரிண்ட் எடுத்து எச்.எம். கிட்ட குடுத்துட்டேனே" என்றார். "செவ்வாக்கெழமை சாயங்காலம் நானும் இவரும் அந்தோணியார் கோயில்ல நவநாள் செபத்துக்குப் போயிருந்தோம்."

வீட்டில் இருந்தது தமிழ்நிலா மட்டும்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ கேட்டது சரியாப் போச்சு. திங்கக்கெழமை எச்.எம். கிட்ட எழுதிக் குடுத்துர்றேன். அவ மார்க்க அடிச்சிரட்டும். கிளாஸையும் நான் எடுக்கல" என்றார். இந்தப் பட்டியல் என் கண்ணில் படாமலே போயிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார். "செவ்வாக்கெழமை என் பேப்பர தொறந்தியா?"

தமிழ்நிலா என்னை ஒரு தடவை பார்த்தாள். பொய் சொல்ல நினைத்திருந்தால் அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்.

"தொறந்தேன்மா. என் அசைன்மென்ட்டுன்னு நெனச்சுத் தொறந்துட்டேன். மொதக் கேள்வி கண்ணுல பட்டுருச்சு. ஒடனே மூடிட்டேன்."

"வந்ததும் ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ பேப்பரயே மாத்துவ. அடிச்சு முடிச்சுக் குடுத்தாச்சுன்னு அன்னைக்குத்தான் சந்தோசமா கோயிலுக்குப் போன." கையிலிருந்த ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "அதான் அந்தக் கேள்விய மட்டும் எழுதல."

டீச்சர் எழுந்துபோய்ப் பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து வந்தார். மகளுடைய தாளை எடுத்துப் பிரித்தார். மொத்தம் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். இரண்டாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் எல்லாம் சரி. முதல் கேள்வி, ஒரு சின்னக் காரணிப்படுத்தல், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகூடப் போட்டிருந்தது. அதைத் தொடவே இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்தில் 'கவனக்குறைவு' என்று இருந்தது.

"மொதக் கேள்வியவே விட்டுட்டு வந்துருக்கியே, கண்ணு என்ன பெடரியிலயா இருக்குன்னு கிளாஸ்ல வச்சுக் கேட்டேனே உன்னய" என்றார் டீச்சர்.

"ஆமா. எல்லாரும் சிரிச்சாளுக."

அவ்வளவுதான், டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். ஈரத் துண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி. வாய்விட்டு அழுதது நான்தான், அவர்கள் இல்லை. "என்னய மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன். "போடி, நீ சொல்லாட்டி எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்" என்றார்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து 'கவனக்குறைவு' என்பதை அடித்தார். நாற்பத்தைந்தைத் தொடவில்லை. அவர் தொடமாட்டார் என்று எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

காபி குடித்துவிட்டு வேலையை முடித்தோம். புது அக்கவுண்டுக்கு டீச்சர் பாஸ்வேர்டு அடிக்க உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே தமிழ்நிலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இங்கிட்டுத் திரும்புடி. நீ பார்த்தா ஒண்ணும் ஆகிறாது."

"வேணாம்மா" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "இன்னொரு அஞ்சு மார்க்க விட என்னால முடியாது."