யாங்கூனில் நிலாவின் பிறந்தநாள்

2009 டிசம்பரில் நான் யாங்கூன் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே வேலை பார்க்கும் பெரியப்பா மகன் சேகர் அண்ணனிடம் ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய மகள் நிலா எட்டு வயதில் இறந்து ஓராண்டாகியிருந்தது. அண்ணி மா கின் பர்மியப் பெண். மகள் போனபிறகு யாங்கூனிலேயே க்யிம்யிண்டைங் பகுதியில் தாய்வீட்டில் இருந்தார். இருந்தார் என்ன, எங்கள் வீட்டார்தான் அனுப்பிவிட்டார்கள். அவரை எப்படியாவது திரும்ப அழைத்துவர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கொல்கத்தா வழியாக விமானம். யாங்கூன் டாக்சியில் மீட்டர் போடுவதில்லை, ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். ஏழாயிரம் கியாட்டுக்கு, அலோன் என்ற பகுதியில் அண்ணன் வீட்டு வாசலில் டிரைவர் இறக்கிவிட்டார்.

பிறவியிலேயே ரத்தச்சோகை இருந்த நிலாவுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்கள். அண்ணியைச் சோதித்த டாக்டர், அவருடைய ஹீமோகுளோபினில் ‘இ’ என்றொரு வகை இருப்பதாகச் சொன்னார். பர்மா, தாய்லாந்து, கம்போடியா பக்கம் அது சர்வசாதாரணம். அண்ணிமேல் பழிபோட எங்கள் குடும்பத்துக்கு அது போதுமாக இருந்தது. "பர்மாக்காரி ரத்தம்" என்று நாகப்பட்டினம் வரை வாய் கிழியப் பேசினார்கள். அண்ணனோ சோதனைக்குக் கையே நீட்டவில்லை.

மறுநாள் நிலாவின் பிறந்தநாள். பிறந்தநாளில் ரத்தம் கொடுப்பது அங்கே புண்ணியம். மகள் பெயரில் கொடுக்கக் கிளம்பிய அண்ணனோடு நானும் ரத்த வங்கிக்குப் போனேன். அண்ணன் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் வேண்டாம் என்று கையசைத்தார்.

"எப்பவும் இப்படித்தான் தம்பி. ரத்தம் கம்மின்னு திருப்பி அனுப்பிடுறாங்க. கிடங்கு வேலை, உடம்பு எங்க தேறும்?" என்றார் அண்ணன்.

சொல்ல வந்ததை அங்கேயே சொன்னேன்.

"என்னையும் ஊர்ல இப்படித்தான் அனுப்பினாங்கண்ணே. சோதிச்சா, தலசீமியா கேரியராம். நமக்கு நோயா வராது, பிள்ளைக்குக் கடத்திடுவோம். அப்பாவுக்கும் இருக்கு. உங்களுக்கும் இருக்கலாம். அண்ணியோட 'இ' மட்டும்னா நிலா நல்லா இருந்திருப்பா. ரெண்டும் சேந்ததாலதான்..."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவராகவே சோதனைக்கு ரத்தம் கொடுத்தார். சில நாளில் முடிவு வந்தது. அவருக்கும் இருந்தது.

அன்று மாலையே க்யிம்யிண்டைங் போனோம். அண்ணி படகுத்துறைச் சந்தையில் பூ விற்றுக்கொண்டிருந்தார். அண்ணன் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லி அழுதார். அண்ணி அழவில்லை. ஆண்களை மரியாதையாக அழைக்கும் பர்மியச் சொல்லான 'கோ'வை மட்டும் அப்போதும் விடவில்லை.

"என் புள்ளைய நானே கொன்னேன்னு ஒரு வருஷம் அழுதேன், கோ சேகர். இன்னைக்கி பாதிய வாங்கிக்க வர்றீங்க. நான் முழுசா சுமந்து முடிச்சிட்டேன்."

நிலா படத்துக்கு என்று ஒரு கொத்து மல்லிகையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நாங்கள் இருவராகவே திரும்பினோம்.

யாங்கூன் போகிறவர்கள் மடிப்பில்லாத புது டாலர் நோட்டு கொண்டுபோங்கள், பழையதை வாங்கமாட்டார்கள். வெயில் குறைந்த டிசம்பர், ஜனவரி நல்லது. எங்களைப்போல் கடல் தாண்டிச் சம்பந்தம் செய்கிறவர்கள் ஜாதகத்தோடு ரத்தத்தையும் பாருங்கள். பெண்ணுக்கு மட்டுமல்ல, இருவருக்கும்.

அண்ணன் இப்போதும் வாராவாரம் அந்தச் சந்தைக்குப் போகிறாராம். அண்ணி பூ கொடுக்கிறார். மற்றவர்களிடம் வாங்குவதுபோலக் காசும் வாங்கிக்கொள்கிறார்.