தாமரை இலைமேல் போட்ட பழி

மாணவர்களின் வயிற்றைக் கெடுத்தது தாமரை இலைதான் என்று எல்லோரையும் நம்பவைத்தவன் நான். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். வாய் தவறி நடந்ததல்ல. பொறாமையால் செய்தேன்... வெறும் பொறாமையால்!

இதை வாசிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்வதுதான் சுலபம். வன்னியில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மூத்த விரிவுரையாளன் நான். வளாகத்தின் பெயரைக் கேளாதீர்கள். குற்றம் அதனுடையதல்ல.

நிலைபேறான வளாகம் எப்படி அமையவேண்டும் என்று நாற்பது பக்கத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். வெளிநாட்டு உதாரணங்கள், வரைபடங்கள், மூன்று நிறக் குப்பைத்தொட்டிகள்... என்னதான் இல்லை அதில்! வளாகமும் அயற்கிராமங்களும் ஒன்றாய் வாழவேண்டும் என்று தனி அத்தியாயமே இருந்தது. ஆனால் எந்த அயற்கிராமத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. பீடாதிபதி "நல்லம், நல்லம்" என்று வாங்கி வைத்தார். அவ்வளவுதான்.

பிறகு கோமதி வந்தார். என்னைவிட இருபது வயது இளைய விரிவுரையாளர். தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. வந்த ஆறாம் மாதமே கன்ரீனில் லஞ்ச் சீற்றை நிறுத்திவிட்டார்! சோற்றைச் சுற்றி எறிகிற அந்தப் பொலித்தீன் தாளுக்குப் பதிலாகத் தாமரை இலை. கண்டாவளைப் பக்கத்துக் குளமொன்றில் பெண்கள் பறித்து வந்தார்கள். சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து அதில் சோறு போட்டார்கள். சாப்பிட்ட இலை பசளைக் குழிக்குப் போனது, பசளை அந்தப் பெண்களின் தோட்டங்களுக்கே போனது. சனிக்கிழமைகளில் மாணவர்கள் தாங்களாகவே போய்க் குளக்கரையில் கிடந்த போத்தல்களைப் பொறுக்கினார்கள். என் மூன்று நிறத் தொட்டிகளை யாருமே கேட்கவில்லை.

என்னை எது சுட்டது தெரியுமா? நான் இதே வன்னியில், தண்ணீரூற்றில் பிறந்தவன். கோயில் அன்னதானத்தில் தாமரை இலையில் சாப்பிட்டு வளர்ந்தவன். அது என் சோற்று இலை! மலைநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளை கண்டதை நான் ஏன் காணவில்லை? 'வந்தவளுக்கு இருக்கிற கெட்டித்தனத்தைப் பார்' என்று எத்தனை தடவை மனத்துக்குள் பல்லைக் கடித்தேன்! வெட்கம்கெட்ட நினைப்பு. ஆனாலும் நினைத்தேன்.

ஒருநாள் அவர் என் அறைக்கு வந்தார். "சேர், உங்கட திட்டத்தை முழுக்க வாசிச்சனான். அந்த அயற்கிராம அத்தியாயத்தாலதான் எனக்கு இந்த யோசனையே வந்தது" என்றார்.

நாற்பது பக்கத்தையும் வாசித்த ஒரே ஆள்! நான் நன்றி சொல்லியிருக்க வேண்டாமா? குத்திக்காட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இலை கொண்டுவந்த பெண்களில் மூத்தவர் யோகமலர். ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி, ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். இந்த வருமானத்தை நம்பித்தான், வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து மறுபடியும் உயர்தரம் படிக்க விட்டிருந்தார். இதுவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

ஒருநாள் இரவு ஏழு மணிபோல் சந்திக் கடையில் கொத்துரொட்டி சாப்பிடப் போனேன். விடுதி மாணவர்கள் நான்குபேர் அங்கே இருந்தார்கள். ஆறு மணிக்குப் பிறகு அவர்கள் வெளியே வரக்கூடாது என்பது விதி. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் காணாதவன்போல இருந்துவிட்டேன். இறைச்சிக் குழம்பில் ஒரு புளித்த வாடை அடித்தது. பசி... சாப்பிட்டோம்.

விடிந்தால் நால்வருக்கும் சத்தியும் வயிற்றோட்டமும். எனக்கும்தான்! தேசிக்காய் விட்ட பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு வளாகத்துக்குப் போனேன்.

சூழல் குழு அவசரமாகக் கூடியது. தலைவர் நான். முதல்நாள் மத்தியானம் இலையில் சாப்பிட்டதால்தான் வந்திருக்கும் என்று யாரோ தொடக்கினார். விடுதியைவிட்டு வெளியே போனதைச் சொன்னால் தண்டனை என்று அந்த நால்வரும் கடைக்கதையை எடுக்கவில்லை. கோமதி மட்டும் விடவில்லை.

"வளாகமே அந்த இலையிலதானே சாப்பிட்டது? நாலுபேருக்கு மட்டும் எப்பிடி வரும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சேரும் எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டவர். சேர், சொல்லுங்கோ... உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

என்னை நம்பிக் கேட்டார். எப்படி நம்பினார்! ஒரு கணம் போதும்... கடையில் சாப்பிட்டேன், அவர்களையும் கண்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

"எனக்கும் விடியத் தொடக்கம் வயிற்றோட்டம்" என்றேன்.

அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை, பாருங்கள்! உண்மையை வைத்தே பொய் சொன்னேன். கோமதியின் முகம் கறுத்துப்போனது. "ஐயோ, சொறி சேர்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். எனக்கு எப்படி இருந்தது? சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன்? நல்ல சந்தோஷம்!

இலை நின்றது. லஞ்ச் சீற் திரும்பி வந்தது. சனிக்கிழமைப் பயணங்களும் மெல்ல மெல்ல நின்றுபோயின. அந்த மாதமே யோகமலரின் மகள் புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினாள். கோமதி இப்போது பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார். அப்படியிருந்தும் யாராவது அவரைப் புகழ்ந்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடங்கவேயில்லை, இந்தப் பாழ்பட்ட குணம்!

இன்னும் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நேரமும் அதைத்தான் தள்ளிப்போட்டு வந்தேன்.

இலை நின்ற மறுநாள் யோகமலர் வாசலில் எனக்காகக் காத்து நின்றார்.

"சேர், பிள்ளையளுக்கு இப்ப சுகமோ?"

"ஓம், சுகம்."

"உங்களுக்கும் வருத்தமாம் எண்டு கோமதி மிஸ் சொன்னவா. நான் நல்லாத்தான் கழுவினனான் சேர்... எங்க பிழைவிட்டனோ தெரியேல்லை. இனி நான் கோயிலுக்கும் இலை பறிக்கமாட்டன். அம்மாளுக்குப் பொங்கல் நேர்ந்திருக்கிறன். உங்கட பேரையும் சொல்லித்தான் நேர்ந்தனான்."

கண்ணால் தண்ணீர் ஓடியது அவருக்கு. உம்மில் பிழையில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பரவாயில்லைத் தங்கச்சி. தெரியாமல் நடந்ததுதானே? நான் ஒண்டையும் மனசில வைச்சிருக்கேல்லை" என்றேன்.

நான் அவரை மன்னித்துவிட்டேன்! கேட்கிறீர்களா... நான் அவரை!

அவர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.