கோயில் பெயிண்ட் பூசிய கிட்டார் கட்டைகள்

மகனை வீட்டோடு வைத்துக்கொள்வதற்காகத்தான் நாங்கள் மர வியாபாரத்தில் இறங்கினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு விஞ்ஞான ஆசிரியர் ஏன் கிட்டார் செய்வதற்கு மரம் விற்றார் என்பது யாருக்கும் விளங்காது.

அவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. மாத்தளைக்குப் பக்கத்தில் எங்கள் உக்குவளையில் அவனோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே லொட்ஜில் தங்கியிருந்த தமிழ்ப் பிள்ளைகளைப் பொலிஸ் விசாரணைக்குக் கூட்டிப்போன கதைகள் எங்களிடம் நிறைய இருந்தன. போர் நிறுத்தம் வந்து அந்தக் கதைகள் குறைந்துவிட்டன. என் பயம் குறையவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மாத்தளைக் கடைத்தெரு எரிந்தபோது நான் இளம் ஆசிரியன். எரிந்த மிளகாய் மூட்டைகளின் காரம் காற்றில் வந்து கண்ணைக் கரித்ததை இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த அமைதியையும் நான் முழுதாக நம்பியதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதையை ஒட்டி ஒரு மர ஆலை இருக்கிறது. அதன் முதலாளி ஒரு முஸ்லிம், அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு நிலை, ஜன்னல் சட்டம், கூரை மரம் என்று அரிந்து விற்பவர். வேலையில்லாத என் மகன் பகலெல்லாம் அங்கே மரத்தடிகளின் மேல் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் கொழும்பிலிருந்து ஐரோப்பிய வழிவந்த வயதான பறங்கியர் ஒருவர் ஆலைக்கு வந்தார். ஹோட்டல்களில் வாசிக்கும் இசைக்குழுக்களுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொடுப்பவர். சண்டை நின்றதும் விருந்துகளும் பாட்டுக் கச்சேரிகளும் திரும்பத் தொடங்கியிருந்தன, கிட்டார் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவருக்குப் பெரிய மரம் தேவையில்லை. கிட்டாரின் உடம்புக்கு இரண்டு அங்குலத் தடிப்பில் அகலமான மகோகனித் துண்டும், கழுத்துக்குக் கணு இல்லாமல் ரேகை நேராக ஓடும் நீளக் கட்டையும்தான் வேண்டும். ஒன்றை பாடி என்றார், மற்றதை நெக் என்றார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம்.

நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை துண்டு துண்டாக அரிந்தால் தன் வாள் பட்டிக்கே வெட்கமாக இருக்கும் என்றார். பிறகு என் மகனைக் காட்டி, "இந்த மகனோட பேசுங்கோ. ஆலைல இவருக்கு மட்டும்தான் வேல இல்ல" என்றார். எங்கள் வியாபாரம் இப்படித்தான் தொடங்கியது.

மகோகனி இந்த மண்ணின் மரமில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து தோட்டத்துப் பங்களாக்களைச் சுற்றியும் பாதை ஓரங்களிலும் நட்டது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் காற்றில் விழுந்த மரங்களை வாங்கி, பெர்மிட் எடுத்து, நானாவின் ஆலையில் அரிந்தோம். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது என்பதால் அவருக்கு இதில் ஓயாத கேலி.

"இதும் கப்பல்ல கொண்டாந்து எஸ்டேட்ல நட்ட மரம்தான் சேர். ஒங்கட ஆக்கள் மாதிரி."

"நீங்க மட்டும் எதுல வந்தீங்க நானா?" என்றேன்.

"நாங்களும் கப்பல்லதான். ஆனா எங்கள ஒருத்தரும் நடல்ல, நாங்களே மொளச்சிட்டோம்."

அரிவது சுலபம். காய வைப்பதுதான் பாடு. ஓர் அங்குலத் தடிப்பு காய ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். அதுவும் வெயிலில் காயக் கூடாது, நிழலில் காற்றோட்டமாகக் காய வேண்டும். மரத்தின் ஈரம் வெட்டு முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை முதலில் காய்ந்து சுருங்கும், நடுப்பகுதி சுருங்காது, இடையில் வெடிப்பு விழும். அதனால் அரிந்த அன்றே இரண்டு முனைகளையும் பெயிண்ட் அடித்து அடைத்துவிட வேண்டும். எங்களிடம் பாடசாலை மேசைகளுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட் இருந்தது, அதையே அடித்தோம். மிளகு காயப்போடும் அறைக்கு மேலிருந்த பரணில் கட்டைகளை இடைக்குச்சி வைத்து அடுக்கினோம். மிளகைக் கிளறப் போகும் என் மனைவி அப்படியே மேலே ஏறி அவற்றையும் திருப்பி வைத்துவிட்டு வருவாள்.

மகனுக்கு அதில் ஒரு பற்று விழுந்துவிட்டது. ஒரு கட்டையைக் காதருகே தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுவான், தலையைச் சாய்ப்பான், பிறகு அதை நல்லதின் பக்கமோ மற்றதின் பக்கமோ வைப்பான். கிட்டார் வாசிக்க அவனுக்குத் தெரியாது. வாங்கித் தரவா என்று கேட்டதற்கு, முதலில் கொழும்புப் பெரியவர் நம் மரத்தில் ஒன்று செய்யட்டும் என்றான். பாடசாலை விட்டு வரும்போது வீட்டுப் பின் கொட்டகையில் அவன் கட்டைகளை அளவாக அறுக்கும் வாள் சத்தம் கேட்டால் போதும், என் பயம் அடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடப்பேன்.

கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோவது என் வேலை. விடுமுறை நாட்களில் சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுபோவேன். தலை நரைத்த ஆசிரியனை யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். தானும் வருகிறேன் என்று மகன் பலமுறை கேட்டான். நான் விடவில்லை.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. அந்த வருடம்தான் ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தோட்டத்துப் பங்களாவின் முன்னால் நின்ற பெரிய மகோகனி காற்றில் சாய்ந்தது. அதை அரிந்தபோது நானாவே ஆலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். குளத்து நீரில் காற்று ஓடினாற்போலப் பலகை முழுவதும் அலை அலையாக ரேகை. கொழும்புப் பெரியவர் சேதி கேட்டு, ஒன்றையும் வெளியே கொடுக்க வேண்டாம், காயும் வரை காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். மகன் அதில் ஒரு பாடியும் ஒரு நெக்கும் தனக்கென்று எடுத்துத் தனியாக வைத்தான்.

முனைக்கு அடிக்கப் பெயிண்ட் வேண்டியிருந்தது. பச்சை தீர்ந்துவிட்டது. எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கால்களுக்கு அடித்து மிஞ்சிய டின்கள் என் வீட்டில் இருந்தன. என்னைப் போலக் கோயில் சபையில் செயலாளர் என்றால் மிச்சம் மீதி எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும். கோயிலில் மிஞ்சியதைக் கொட்டவும் கூடாது, கழிப்பறைக் கதவுக்கு அடிக்கவும் கூடாது, ஒரு நல்ல காரியத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நல்ல மரத்துக்கு அடித்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றாள் மனைவி. பாடிகளுக்குச் சிவப்பு, நெக்குகளுக்கு மஞ்சள். பழைய கட்டைகளில் பச்சை உரிந்து போயிருந்ததால் அவற்றுக்கும் சேர்த்து அடித்தோம். மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து, கையெல்லாம் நிறமாக, சிரித்துக்கொண்டு அடித்தோம். எங்கள் கண்ணுக்கு அது குங்குமமும் மஞ்சளும். அந்த வருடங்களில் இந்த நாட்டில் அந்த இரண்டு நிறமும் சேர்ந்து நின்றால் மற்றவர்கள் கண்ணுக்குப் புலிக்கொடி தெரியும் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழைய கட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வாரத்தில் எனக்குச் சிக்குன்குனியா கண்டது. ஊரே அந்தக் காய்ச்சலில் முடங்கியிருந்த நேரம். கட்டிலில் இருந்து எழுந்தால் முழங்கால் நிற்காது. பெரியவர் அவசரம் என்று சொல்லியிருந்தார். "காலைல போயி பொழுது சாய வந்துர்றேன் அப்பா. பெர்மிட் இருக்கு, ஐடென்டிட்டி இருக்கு" என்றான் மகன். என்னால் தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது.

கொழும்பில் ரயிலை விட்டு இறங்கியவனைச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். சாக்கை அவிழ்த்தால், நிறுத்தியவர்கள் தோளில் தொங்கிய துவக்கின் நீளத்தில் கட்டைகள், முனைகள் சிவப்பும் மஞ்சளும். கொண்டுபோனவன் இளவயதுத் தமிழன். பெர்மிட்டில் மரத்தின் வகையும் அளவும் இருந்தன, நிறத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

பொழுது சாய்ந்தது, அவன் வரவில்லை. மறுநாள் பெரியவர்தான் போன் பண்ணி எந்தப் பொலிஸில் இருக்கிறான் என்று சொன்னார். நானா தன் வேனில் என்னைத் தூக்கி உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனார். வழி நெடுகப் பேசிக்கொண்டே இருந்த மனிதர், நகரத்துக்குள் நுழைந்ததும் தன் ஐடென்டிட்டியை எடுத்து மேல்பையில் வைத்துக்கொண்டார்.

உடனே விடவில்லை. ஊரிலிருந்து என்னைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் விசாரித்து எடுக்கச் சில நாட்கள் பிடித்தன. நானா என்னோடு கொழும்பிலேயே தன் உறவினர் வீட்டில் தங்கினார். கடைசியில் பெரியவர் பாதி செய்த ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, கட்டை எங்கே போய் என்னவாகிறது என்று சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி களைத்துப்போன மனிதர், கத்திப் பேசவில்லை. இந்தப் பையன் வாசிப்பானா என்று கேட்டார். வாசிக்கத் தெரியாது, நாங்கள் மரம் மட்டும்தான் விற்கிறோம் என்றேன். வாசிக்கத் தெரியாதவர்கள் எதற்குக் கிட்டார் மரத்தோடு அலைகிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மகனைக் கூட்டிவந்தார்கள். முகத்தில் காயம் எதுவும் இல்லை. சாக்கையும் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே ஏதாவது குடைந்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு கட்டையையும் குறுக்கே அறுத்திருந்தார்கள். வேனில் மகன் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பாதியை எடுத்து, வழக்கம்போலக் காதருகே கொண்டுபோனான். தட்டவில்லை. திரும்பப் போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னான்.

மறுநாள் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் பரணில் ஏறினேன். முழங்கால் இன்னும் சரியாகவில்லை, ஏணியைக் கட்டிப்பிடித்துத்தான் ஏறினேன். பெரிய மரத்துக் கட்டைகள் வரிசையாக முனையைக் காட்டிக்கொண்டு இருந்தன. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர மண்டையில் வேறொன்றும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, சீவுளியால் சிவப்பையும் மஞ்சளையும் ஒரு பொட்டு இல்லாமல் சீவினேன். சீவிய தூளைக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டேன். முனைகளை மீண்டும் எதையாவது கொண்டு அடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடம்தான் அது. பெயிண்ட் டின் ஒன்றைத் திறக்கக் கை வரவில்லை.

மகன் அதன் பிறகு கொட்டகைப் பக்கம் போகவில்லை. சில மாதங்களில் பாஸ்போர்ட் எடுத்தான், கட்டார் நாட்டில் ஒரு பண்டசாலையில் வேலை கிடைத்துப் போனான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இங்கே இருந்தால் பத்திரம் என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று வெற்றியைக் கொண்டாடித் தெருவில் பாற்சோறு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களுக்கும் கொண்டுவந்தார், வாங்கிக்கொண்டோம். என் மனதில் ஒரே எண்ணம்தான், இனி அவன் வரலாம். அந்த வாரமே அவன் கட்டாரிலிருந்து போன் பண்ணினான். நான் கேட்பதற்கு முன்னால் அவன் கேட்டான்.

"அப்பா, நான் எடுத்து வச்ச ரெண்டு கட்டையும் பரண்ல இருக்குங்களா? இங்க கூட வேல செய்ற பிலிப்பீன்காரன் ஒருத்தன் கிட்டார் செய்வான். எனக்கு ஒண்ணு செஞ்சு, வாசிக்கவும் சொல்லித் தர்றேங்கிறான். இந்நேரம் காஞ்சிருக்கும். யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வரப்போகிறவன் அனுப்பச் சொல்ல மாட்டான் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அவன் போன நாளிலிருந்து நான் பரணில் ஏறியிருக்கவில்லை. திருப்பி வைக்கப் போய்வந்த மனைவி பார்த்தும் என்னிடம் சொல்லாமல் விட்டது அங்கே இருந்தது. எல்லாக் கட்டைகளும் இரண்டு முனையிலிருந்தும் வெடித்திருந்தன. வெடிப்புகள் அலை ரேகையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தன. சிலவற்றில் என் நகம் போகும், சிலவற்றில் ஒரு விரலே போகும். அவன் தனியாக எடுத்து வைத்த பாடியில் நடுவில் ஓர் உள்ளங்கை அளவுதான் முழுசாக இருந்தது. நெக்கில் அதுவும் இல்லை.

அடுத்த முறை போன் வந்தபோது வெடித்துவிட்டது என்றேன்.

"எப்பிடி? பெயிண்ட் அடிச்சிருந்தோம்ல?"

"சீவிட்டேன் தம்பி."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"ஒன்னைய கூட்டியாந்த மறுநாள்."

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, "நான் முழிச்சுதான் இருந்தேன் அப்பா. சீவுளிச் சத்தம் கேட்டுச்சு" என்றான். "எந்திரிச்சு வந்து தடுத்திருக்கலாம். எனக்கும் அதைச் சீவிட்டாப் போதும்னுதான் இருந்துச்சு."

அம்மாவிடம் கொடுங்கள் என்றான், கொடுத்தேன். இனி வரலாம்தானே என்ற கேள்வி அன்றும் என் வாயிலேயே நின்றுவிட்டது.

நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கேலி எதுவும் செய்யாமல் ஆலைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அந்தப் பெரிய மரத்தின் அடித்துண்டு ஒன்று, முனைகளில் தார் பூசி, அரியாமல், தகரத்துக்குக் கீழே கிடந்தது. "இத நான் அரியல்ல சேர். அந்த மகன் வந்தா கேப்பாருன்டு வெச்சீக்கிறேன்" என்றார். அதிலிருந்து ஒரு பாடியும் ஒரு நெக்கும் அரிந்து கொடுத்தார்.

இந்த வருடத் திருவிழாவிலும் பெயிண்ட் மிஞ்சி என் வீட்டுக்கு வந்தது. டின்கள் இரண்டும் பின்வாசலில் மூடியபடி இருக்கின்றன. நான் மெழுகுதிரிகள் வாங்கிவந்து உருக்கி, புதுக் கட்டைகளின் முனைகளை அதில் தோய்த்தெடுத்தேன். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். இருந்தாலும் மெழுகே போதும் என்று தோன்றியது. மனைவி அவற்றைப் பரணில் ஏற்றி, மிளகு கிளறப் போகும்போது திருப்பி வைக்கிறாள்.

இரண்டு அங்குலத் தடிப்பு. காய நாள் எடுக்கும். அனுப்பிவைப்பதா, வந்து எடுத்துக்கொள் என்று சொல்வதா என்பதை அதற்குள் நான் அவனிடம் கேட்டுவிட வேண்டும்.